கட்டை சாரின் ஊறல்

திண்டிவனத்து விறகுத் தொட்டிக்காரர்கள் எல்லோரும் பயந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான். அவர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் கட்டை சார்.

எண்பதுகளின் நடுவில் நானும் மூன்று நண்பர்களும் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். அடுத்த அறை அவருடையது. குடும்பம் விழுப்புரத்தில், காலேஜில் படிக்கும் இரண்டு பெண்கள். சனிக்கிழமை போய்த் திங்கள் காலை வந்துவிடுவார்.

ஒருமுறை ஏற்காடு போனவர் ஒரு ஆர்க்கிட் செடியோடு திரும்பினார். அதற்கு மண் வேண்டாமாம். மரக்கட்டையில் தூண்டில் நரம்பால் கட்டித் தொங்கவிட்டால் கட்டையைப் பற்றிக்கொண்டு பூக்குமாம். அன்றோடு மனிதர் மாறிப்போனார். செடிகள் பதினொன்றோடு நின்றன. கட்டைகள் நிற்கவில்லை, மாடியில் நாங்கள் துணி காயப்போட இடமில்லாமல் போயிற்று.

விறகுத் தொட்டியில் சம்பந்தம் பேச வந்தவர்போல் கட்டை பார்ப்பார். நகத்தால் கீறுவார், தட்டிப் பார்ப்பார், முகர்வார். "இது முருங்கை. ரெண்டு மழைக்கு உளுத்துடும். இதுல பட்டை உரிஞ்சிக்கினு வருது, வேரு எதைப் புடிச்சிக்கினு நிக்கும்? புளியங்கட்டை எடுப்பா, சொரசொரன்னு." அரை மணி நேரம் தொட்டியைக் கலைத்துவிட்டு முழங்கை நீளத் துண்டு ஒன்றோடு கிளம்புவார்.

மரக்காணம் கடற்கரையில் ஒதுங்கிய கட்டை என்றால் நக்கியே பார்ப்பார். உப்பிருந்தால் வேர் கருகிவிடுமாம். ஒரு தடவை இடுப்புயரக் கட்டையோடு பஸ் ஏறி, திண்டிவனம் வரும்வரை இடம் மாற்றி மாற்றி நக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றபடியே வந்தார். லக்கேஜ் டிக்கெட் போட வந்த கண்டக்டர் போடாமலே திரும்பிவிட்டார்.

உப்பும் பட்டைச் சாறும் போக, கட்டைகளைப் பீப்பாயில் ஊறவைத்து, மிதக்காமல் இருக்க மேலே கருங்கல்லை ஏற்றியிருப்பார். ஒரு மாதம் கழித்து எடுத்து ஒரு கொதி கொதிக்கவிடுவார். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றவேண்டும். ஒரு கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. பீப்பாய் கருத்து, நுரைத்து, தெருமுனை வரை மணத்தது. யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை, ஏட்டு ஒருவர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு மாடியேறி வந்தார். பீப்பாயைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார் இது?"

"ஊறல்."

பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். சாராயம் காய்ச்சப் பட்டை போட்டு ஊறவைப்பதற்கும் அதே பெயர்தான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவே இல்லை.

"எத்தினி நாளாச்சு?"

"இருபது நாளு. இன்னும் பத்து நாளு போவணும். அப்புறம் ஒரு தபா காய்ச்சி எறக்கிடுவேன்."

"இன்னா பட்டை?"

"வேலம்பட்டை. சாறு நல்லா எறங்கும்."

கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அரசாங்க உத்தியோகம், கேஸ் விழுந்தால் சஸ்பென்ஷன். "சார், கட்டைன்னு சொல்லுங்க சார்" என்றேன். "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்றார் கட்டை சார்.

"ஸ்டேஷனுக்கு வாங்க சார்."

"வர்றேன். மொதல்ல இதைக் கவுக்கணும். ஒரு கை புடிங்க."

தடயத்தைக் கொட்டலாமா என்று ஏட்டு யோசித்து முடிப்பதற்குள் பீப்பாய் சாய்ந்துவிட்டது. பதின்மூன்று கட்டைகள் உருண்டு ஓடின. கட்டை சார் ஒன்றை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்து நீட்டினார்.

"நக்கிப் பாருங்க. உப்பு இருக்குதா?"

அந்தக் குரலில் இருந்த அதிகாரத்துக்கு யாரும் கட்டுப்பட்டிருப்பார்கள். ஏட்டு நக்கினார்.

"இல்ல" என்றார் மெதுவாக.

பிறகு கட்டை சார் செடிகளைக் காட்டினார். புளியங்கட்டை ஒன்றில் ஊதாப் பூ ஒன்று மலர்ந்திருந்தது. ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். போகும்போது சொன்னார்: "இனிமே ஊறல்னு மட்டும் சொல்லிக்கினு இருக்காதீங்க சார். பேஜாரு."

அவர்கள் தெருவைத் தாண்டியதும் கட்டை சார் கவிழ்ந்த பீப்பாய் மேல் உட்கார்ந்தார். "தப்பிச்சம்பா" என்றார்.

"எப்ப சார் புரிஞ்சுது?"

"நீ முழிச்ச முழியிலதான். பொண்ணுங்க ரெண்டும் கண்ணு முன்னால வந்துட்டாங்கப்பா. அதான் ஜல்தியா கவுத்துட்டேன்."

அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. செடிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தவர், எனக்கு மட்டும் ஒரு வெறுங்கட்டையைத் தந்தார். "செடி எவன் வேணா குடுப்பான். நல்ல கட்டை கெடைக்காது."

இப்போது அது சென்னையில் என் பால்கனியில் தொங்குகிறது. இதுவரை அதில் செடி எதுவும் கட்டவில்லை. இருந்தாலும் தினமும் காலையில் அதன்மேல் தண்ணீர் தெளித்த பிறகுதான் காபி குடிக்கிறேன்.