பாண்காரர் நிறுத்தும் அலாரம்

12.06.2024, புதன்கிழமை, பின்னேரம் 5.35. இந்த மாதத்தில் உங்கள் வீட்டுச் சைரன் கத்தியது இன்றோடு பத்தாவது தடவை.

அன்புள்ள பஸ்ரியன் மாமாவுக்கு,

மருமகன் றொசாந்தன் எழுதுவது. உப்புக்குளத்தில் எல்லோரும் சுகம், எங்கள் காதுகளைத் தவிர. ஸ்காபரோவில் நீங்களும் யசிந்தா மாமியும் சுகமாயிருக்க மடுமாதா பார்த்துக்கொள்வா. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வாறன்.

கிட்டத்தட்டத் தினமும் பின்னேரம் 4.10க்கு அலாரம் றிமோட்டால் நிறுத்தப்படுவதாக உங்கள் போனில் காட்டுகிறது. றிமோட் இரண்டுதான்: ஒன்று கனடாவில் உங்கள் அலுமாரியில், மற்றது வீட்டைப் பார்க்கிற பொன்னையா அண்ணையிடம். ஆகவே அவர்தான் அலாரத்தை நிறுத்திவிட்டு ஆரையோ உள்ளே விடுகிறார், ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் பின்னறையை விட்டு வெளிக்கிட வேணும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். பதினொரு வருடமாக உங்கள் கிணற்றுக்கு மூடி போட்டு, முருங்கைக்குக் கம்பு கொடுத்து, அந்த அறையிலேயே படுக்கிற மனிசன். வேறு போக்கிடம் இல்லை. நான் வாய் திறந்தால், "நீ சின்னப் பெடியன், மிஷின் பொய் சொல்லாது, அதோட அதை எங்கட ஆள் ஒருத்தர் பாத்து ஓகே எண்டவர்" என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வெட்ட ஏலாது.

மாமா, நான் இலத்திரனியல் படித்தவன். மிஷின் பொய் சொல்லாதுதான். ஆனால் உங்கள் மிஷினுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

திங்கட்கிழமை பொன்னையா அண்ணையின் றிமோட்டை வாங்கி, பற்றரியைக் கழற்றி, பால்மா ரின்னுக்குள் போட்டு, ரின்னை என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டினேன். 4.10க்கு அலாரம் தானாக நின்றது. 4.16க்குத் தானாக வேலை தொடங்கியது. 4.17க்குக் கையில் இரண்டு றாத்தல் பாணோடு உள்ளே வந்த பொன்னையா அண்ணையைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. அவர் பழைய ஆமிச் செக் பொயின்ற் ஞாபகத்திலோ என்னவோ, பாணைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். "தம்பி, இது என்னைய மட்டுந்தான் புடிக்குது. ஞாயித்துக்கிழம மட்டும் லீவு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற இன்னொருவர் பேக்கரி ஓட்டோவில் வருகிற பாண்கார றெனால்ட். அடுத்த நாள் கேட்டடியில் நின்றேன். அவருடைய ஓட்டோ பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்தது. உங்கள் வாசலில் நிறுத்தி, கழுத்தில் தொங்கிய சின்ன றிமோட்டை அமத்தினார். பாட்டு நின்றது. வீட்டுக்குள் அலாரப் பெட்டி "பிப்" என்று நின்றது. பாண் விற்று முடிய மற்றப் பட்டனை அமத்தினார். பாட்டுத் தொடங்கியது. அலாரமும் தொடங்கியது.

இன்றைக்கு அவரை மறித்தேன்.

"அண்ணை, உங்கட றிமோட்டை ஒருக்கா தாங்கோ."

"ஏன், பாட்டுப் பிடிக்கேல்லையோ?"

"நீங்கள் பாட்டை நிப்பாட்டேக்க எங்கட மாமான்ர அலாரமும் நிக்குது."

"அட! வீட்டுக்காரருக்கு மரியாதைக்கெண்டு நான் பாட்டை நிப்பாட்டினா, வீடு எனக்கு மரியாதை செய்யுதோ!"

விஷயம் இதுதான். இந்த மலிவுச் சாமான்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரே குறியீட்டோடுதான் வருகின்றன. பூட்டுகிறவர் மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கிற சின்ன ஊசிகளை இடம் மாற்றிக் குறியீட்டை மாற்ற வேணும். ஒருவரும் மாற்றவில்லை. மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடுதான் காற்றில் போகும், கள்ளன் ஒருக்கா பதிவு செய்தால் போதும். ஜன்னல் சென்சரோ ஜன்னல் திறந்தால் மட்டும் பேசும், செத்தால் பேசாது. மாமி சமைத்த குசினியின் ஜன்னல் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. பெட்டியில் பச்சை லைட் இன்னும் சந்தோசமாக எரிகிறது. கடைசியாக, அலாரத்தை நிறுத்த நீங்கள் வைத்த இரகசிய இலக்கம். நான் றெனால்டிடம் விளையாட்டுக்குக் கேட்டேன், முதல் தடவையே "1508" என்றார். "ஓகஸ்ட் பதினைஞ்சு, மடுத் திருவிழா நாள்தானே தம்பி, எல்லாரும் அதைத்தான் வைக்கிறது. என்ர போனும் அதுதான்." மாமா, மாதாவிடம் மன்றாடலாம், மாதாவை பாஸ்வேர்ட்டாக வைக்கக்கூடாது.

இதைப் பார்த்து ஓகே சொன்ன கழுதை ஆர்? உண்மையில் அப்படிச் சொல்வது மன்னார் பஸ் ஸ்ராண்டில் நிற்கிற கழுதைகளுக்கு அவமானம், அவை றோட்டைக் கடக்க முதல் இரண்டு பக்கமும் பார்க்கும். மூடியைத் திறந்து பார்க்காமல் ஓகே சொன்ன அந்த ஆளின் சோம்பலுக்காக ஒரு அப்பாவி அறையை விட்டுப் போறதோ? பெயரைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் பிரஷரைக் குறைத்து, பொறுமையைக் கூட்டித் தருவாராக.

இப்படிக்கு,
நேர்மையான மருமகன்
றொசாந்தன்

பி.கு.: இப்போது நேரம் 6.40. தேத்தண்ணி கொண்டுவந்த பொன்னையா அண்ணைக்கு, உங்கள் விறாந்தையில் இருந்தபடி, இதைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். கழுதை வந்த இடத்தில் நெளிந்தார்.

"அவர ரொம்ப ஏசாதீங்க தம்பி."

"ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நீங்கதானே வந்தீங்க. மோட்டர் சைக்கிள நிறுத்தவே இல்ல. கேட்டுக்கு வெளியவே நின்னு, பச்ச லைட்டு எரியுதான்னு கேட்டீங்க. எரியுதுன்னேன். ஓகேன்னுட்டுப் போயிட்டீங்க."

நீங்கள் போனில் பெயர் சொல்லாதது இப்போதுதான் விளங்குகிறது. அவர் பின்னறைக்குப் போய்விட்டார், சாமான் கட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆகவே நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஆறு மணிக்கு மூடியைக் கழற்றிக் குறியீட்டை மாற்றுவேன். இலக்கத்தை எந்தப் புனிதரின் திருநாளிலும் வைக்கமாட்டேன்.

2. குசினி ஜன்னலுக்குப் புதுப் பற்றரி போடுவேன். பச்சை லைட்டை நம்பாமல், கிழமைக்கு ஒருக்கா கையால் திறந்து பார்ப்பேன்.

3. 4.10க்கு றெனால்டை வாசலில் நிறுத்திப் பட்டனை அமத்தச் சொல்வேன். பாட்டு மட்டும் நிற்க வேணும்.

4. மேலே கழுதை என்று எழுதியதை வெட்டமாட்டேன். பெயர் உங்களுக்குத் தெரியும்.

5. இவை எல்லாவற்றுக்கும் முதல், இப்போதே பின்னறைக்குப் போய், அவர் கட்டி வைத்த பெட்டியை என் கையால் அவிழ்ப்பேன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எனக்கு அவசரமில்லை.