முப்பத்தாறு படங்களும் ஓர் இருட்டறையும்

இனி ஒரு படம் எடுப்பதற்கு முன் மூன்று முறை யோசிப்பது என்று பிழைதிருத்தி தீர்மானித்த அன்று, அவருடைய கைபேசியில் பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு படங்கள் இருந்தன. அவற்றுள் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒரு பூனையின் படங்கள். பூனை அவர்களுடையது அன்று. நாற்பதில் அவருடைய கட்டைவிரல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மனைவி இடம்பெற்றவை ஆறு. ஐந்தில் கண்களை மூடியிருந்தாள். ஆறாவதில் வாளியோடு படத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள்.

அச்சகம் ஒன்றில் முப்பத்தோராண்டுகளாக அச்சுப்படி பார்ப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். தம் மூக்குக் கண்ணாடியை மட்டும் மனைவி கண்டுபிடித்துத் தரவேண்டும்.

தீர்மானம் பிறந்த விதத்தில் பாடபேதம் உண்டு. கலையுணர்வினால் பிறந்தது என்பது அவர் பாடம். "இடமில்லை" என்று கைபேசி கைவிரித்ததால் பிறந்தது என்பது மனைவியின் பாடம். மாடி வீட்டுப் பல் மருத்துவர் மனைவியின் பாடத்தையே ஆதரிக்கிறார். ஆனால் அந்த அம்மையார் அவ்வேளையில் அங்கே இருக்கவில்லை. இதற்குப்பின் நடந்தவற்றில் மூவரும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து, திருமணத்துக்கு முன் வாங்கிய பழைய பிலிம் கேமராவை இறக்கினார். புதிதாக வாங்கிய கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மனைவியின் தையல் அறைக்குள் நுழைந்தார்.

"ஏங்க, அது எதுக்கு இப்ப?"

"இனிமே பிலிம்தான். மொத்தமே முப்பத்தாறு படம். ஒவ்வொண்ணும் முத்து."

"போன்ல எடுத்தா என்ன குறைச்சல்?"

"போன்ல எடுக்கறது போட்டோ இல்ல. அது இருமல். தானா வருது."

"சரி, இருமாம எடுங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

"படத்தை நானே கழுவப்போறேன். இருட்டறை ஒண்ணு வேணும். இந்த ரூம்ல குழாய் இருக்கு. ஜன்னலும் சின்னது. பொருத்தமா இருக்கும்."

"இந்த ரூம்ல நான் இருக்கேனே."

"அதைத்தான் யோசிக்கிறேன்."

மனைவி மிதியிலிருந்து காலை எடுத்தாள். தையல் எந்திரம் நின்றது. அந்த அறை சமையலறையை ஒட்டியது. பாதி தைத்த சட்டைகள் சுவரெங்கும் தொங்கும். சன்னல் சிறியதாகையால் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்கவேண்டும். வீட்டின் பெரிய சன்னல் கூடத்தில் இருந்தது. அதன் கீழே அவருடைய சாய்வு நாற்காலி இருந்தது. அதில் சாய்ந்து செய்தித்தாளின் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவது அவர் வழக்கம். பதினோராண்டுகளுக்கு முன் மனைவி அந்த இடத்தை ஒருமுறை கேட்டாள். நாற்காலி அங்கே முதலில் வந்தது என்று பதில் கிடைத்தது. அதற்குப்பின் அவள் கேட்கவில்லை.

பேசிக்கொண்டே அவர் கேமராவின் பின்கதவைத் திறந்து, சுருளை இடப்பக்கம் பொருத்தி, அதன் நாக்கை இழுத்து வலப்பக்கத்து உருளையின் பிளவில் செருகினார். கதவை மூடினார். லீவரை இழுத்தார். எண்காட்டியில் 1 வந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கை மறக்கவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார், உரக்கவே சொல்லிக்கொண்டார்.

மனைவி கேமராவின் தலையில் இருந்த குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவை இழுங்க."

இழுத்தார். ஒரு படம் வீணாயிற்றே என்று வருந்தினார்.

"அந்த இடப்பக்கத்துக் குமிழ் சுத்தலையே."

"அது ஏன் சுத்தணும்?"

"உள்ள சுருள் ஓடினா மேல அது சுத்தணுமில்ல? நூல்கண்டு சுத்தலைன்னா ஊசி சும்மா குத்திக்கிட்டே போகும். துணியில தையல் இருக்காது."

"இது தையல் இல்ல. இது ஒளியியல்."

"கதவைத் திறந்து ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"திறந்தா வெளிச்சம் பட்டுப் பிலிமே போயிடும்! இதுகூடத் தெரியாம யோசனை சொல்ல வந்துட்ட. இந்தச் சுருள் முடியற வரைக்கும் நீ கேமராவைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேசல. எழுதி வச்சுக்கலாமா?"

எழுதி வைப்பதென்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தாளை மடித்து ஓரம் விட்டுத் தாமே எழுதினார். விதி ஒன்று: சுருளிலிருந்து வரும் படங்களில் ஒன்றிலாவது பிழை இருப்பின் அறை தையல் எந்திரத்துக்கே உரியது, ஒன்றிலும் பிழை இல்லையெனின் அறை இருட்டறையாகும். விதி இரண்டு: சுருள் கழுவப்பட்டு வரும்வரை மனைவி கேமராவைக் குறித்து வாய் திறக்கலாகாது.

மூன்றாம் விதியை மனைவி தன் கையால் எழுதினாள்: அறை கேமராவுக்குப் போனால், தையல் எந்திரம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பதை மனைவியே முடிவு செய்வாள்.

பிழைதிருத்தி அதை இருமுறை வாசித்தார். விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தார். பொருளைப் பார்ப்பது அவர் வேலையன்று. அச்சகத்தில் அதற்கு வேறு ஆள் இருந்தார். கையொப்பமிட்டார்.

வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை சாதாரண ஞாயிறு அன்று. மனைவியின் அண்ணன் கப்பலில் எந்திரப் பொறியாளர். தங்கை வேறொரு நாட்டில் பள்ளி நடத்துபவள். இருவரும் குடும்பத்தோடு ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. அந்தப் படம் தம் பொறுப்பு என்று பிழைதிருத்தி அறிவித்தார். ஞாயிறன்று வாசலில் தையல் கூடையை வைத்துக்கொண்டு நின்று, வருவோரின் கைபேசிகளை அதில் வாங்கிப் போட்டார்.

"மாப்பிள்ளை, கப்பல்ல இருந்து கூப்பிடுவாங்க," என்றார் அண்ணன்.

"கப்பல் மிதந்துக்கிட்டுத்தான் இருக்கும். போடுங்க மச்சான்."

"அத்தான், நான் ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேனே?" என்று தங்கை கெஞ்சினாள்.

"ஒண்ணு பத்தாகும். பத்து பதினோராயிரமாகும். நான் அனுபவிச்சவன். போடு."

சாப்பாட்டுக்கு முன்னரே பத்துப் படங்கள் ஆயின. ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தியதும் கேமராவைத் திருப்பி அதன் முதுகை ஆவலோடு பார்த்தார். முதுகில் கறுப்புத் தோலும், சுருள் வந்த பெட்டியின் அட்டையைச் செருகுவதற்கான ஒரு சிறு சட்டமும் இருந்தன. மச்சானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கா மாப்பிள்ளை?"

"அருமை," என்றார் பிழைதிருத்தி. சொன்ன பிறகுதான் எதைப் பார்த்துச் சொன்னோம் என்பது உறைத்தது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோது, அந்தச் சட்டத்துள் ஒரு துண்டுக் காகிதம் செருகப்பட்டிருந்தது. "முன்னால் பார்க்கவும்" என்று மனைவியின் கையெழுத்தில் இருந்தது. எழுதுவதை இரண்டாம் விதி தடுக்கவில்லை. எழுத்துப்பிழையும் இல்லாமையால் அதை அகற்ற அவருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

குடும்பப் படத்துக்காகக் கூடத்தில் எல்லாரையும் நிறுத்தினார். உயரமானவர் பின்னால், குட்டையானவர் முன்னால். ஒளியை அளந்தார். தூரத்தை அடிவைத்து அளந்தார். அந்நேரம் மாடி வீட்டுப் பல் மருத்துவர், சுருக்கித் தரச் சொல்லியிருந்த வெள்ளை அங்கியை வாங்கிப்போக வந்து வாசலில் நின்றார்.

"உள்ள வரலாமா? சாரைத் தொந்தரவு பண்ணிடப்போறேன்."

"டாக்டர், அங்கயே நில்லுங்க. அந்த இடம் நல்ல இடம்," என்றாள் மனைவி.

பிழைதிருத்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஒரு கண்ணை மூடி மறுகண்ணைக் கேமராவில் வைத்திருந்தார். அதன் வழியே கண்ட காட்சி அவரை நெகிழச் செய்தது. அத்தனை பேரும் கண்களை விரியத் திறந்திருந்தார்கள். அத்தனை பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். எல்லாருடைய பார்வையும் அவர் தலைக்குச் சற்று மேலே, வாசற்பக்கமாக இருந்ததை மட்டும் அவர் கவனித்தார். அது ஒருவகைக் கம்பீரம் தருவதாகக் கருதி விட்டுவிட்டார்.

மாலைக்குள் எண்காட்டி 36ஐத் தொட்டது. லீவர் நிற்கவில்லை. இன்னும் இழுபட்டது. முப்பத்தேழு எடுத்தார். நாற்பது எடுத்தார். நாற்பத்து மூன்றும் எடுத்தார்.

"பாத்தியா? சிக்கனமா மாட்டினா சுருள் நமக்கு மேலயே குடுக்குது."

மனைவி உதட்டை இறுக மூடிக்கொண்டு இரண்டாம் விதியைக் காத்தாள். அவளுடைய கண்கள் குமிழின்மேல் இருந்தன.

மறுநாள், முதல் சுருளை மட்டும் வெளியே கழுவிக்கொள்வதென்று கடைத்தெருவில் படம் கழுவுபவரிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து நேரே அங்கே போனார். படம் கழுவுபவர் சுருளை வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

"சுத்தமா இருக்கு சார்."

பிழைதிருத்தியின் நெஞ்சு நிமிர்ந்தது. "எல்லாமா?"

"எல்லாமே. எதிர்ல இருக்கற ஜன்னல் தெரியுது பாருங்க."

தெரிந்தது. சன்னலுக்கு அப்பால் நிறுத்தியிருந்த மிதிவண்டியும் தெரிந்தது. சுருளின் ஓரத்தில் அதைச் செய்தவர்கள் பதித்த எண்கள் மட்டுமே இருந்தன. பிழைதிருத்தி அவற்றை ஒன்று முதல் முப்பத்தாறு வரை படித்துப் பார்த்தார். வரிசையில் தவறில்லை.

"படம்?"

"சுருள் ஏறவே இல்ல சார். நாக்கு பிளவுல இருந்து நழுவிடுச்சு. திரும்பச் சுத்தும்போது ரொம்ப லேசா இருந்திருக்குமே?"

இருந்தது. ஒரே சுற்றில் முடிந்தது. தம் கையின் நயத்தால் என்று அவர் நினைத்திருந்தார்.

"டிஜிட்டல்ல இருந்து திரும்பி வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தான் கொண்டு வராங்க," என்று படம் கழுவுபவர் ஆறுதல் சொன்னார். "மீதிப் பேர் நடுவுல கதவைத் திறந்து பாத்துட்டு வராங்க. ஏத்தினதும் மேல குமிழ் சுத்துதான்னு பாத்துட்டாப் போதும் சார். இதை யாரும் சொல்லலையா?"

பிழைதிருத்தி சுருளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே போனார். ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு நினைவுக்கு வந்தது. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் திருப்பத்தில் விதி ஒன்றும் நினைவுக்கு வந்தது. அவ்விடத்திலேயே நின்றார். பிறகு நடை வேகமாயிற்று. வீட்டு வாசலை அடைந்தபோது அவர் மறுபடியும் நிமிர்ந்திருந்தார்.

கூடத்தில் மனைவியும், ஊருக்குத் திரும்பாதிருந்த அண்ணனும் இருந்தார்கள்.

"என்னங்க, வந்துச்சா? இப்பப் பேசலாமில்ல?"

"பேசலாம். முதல்ல நான் பேசறேன். வர்ற படத்துல பிழை இருந்தாத்தானே ரூம் உனக்கு?"

"ஆமா."

"ஒரு படத்துலயும் பிழை இல்ல."

"அப்படியா! எங்க, காட்டுங்க."

"படமே இல்ல. படம் இல்லாதப்போ பிழை எங்க இருக்கும்? விதிப்படி ரூம் என்னுது."

அண்ணன் அவளைப் பார்த்தார். பிழைதிருத்தி பெரும் சண்டைக்குத் தயாராக நின்றார். எடுத்துவிட இன்னும் நான்கு வாதங்கள் வைத்திருந்தார். மனைவி ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள்.

"நியாயம்தான்," என்றாள். "ரூம் உங்களுதே."

நான்கு வாதங்களும் வாய்க்குள்ளேயே நின்றன. மனைவி உள்ளே போய் மடித்த கறுப்புத் துணியொன்றை எடுத்து வந்தாள். தையல் அறையின் சன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்துத் தைத்த திரைகள். ஓரம் மடித்து, வளையமும் வைத்திருந்தது.

"இதை எப்பத் தைச்ச?"

"குமிழ் சுத்தலைன்னு பாத்த அன்னிக்கே." பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "அண்ணா, மூணாவது விதி. மெஷினை ஒரு பக்கம் பிடிங்க."

தையல் எந்திரம் பெரிய சன்னலின் கீழே வந்து அமர்ந்தது. மாலை வெளிச்சமும் ஊசியின் காதுவரை விழுந்தது.

"அது என் நாற்காலி இருந்த இடம்!"

"நாற்காலியும் உங்க ரூமுக்கு வருது. நான் அதை விட்டுடுவேனா?"

"அங்க வெளிச்சமே இருக்காதே. பேப்பர் எப்படிப் படிப்பேன்?"

"இருட்டு வேணும்னுதானே கேட்டீங்க?"

பல் மருத்துவர் தம் கைபேசியில் எடுத்த குடும்பப் படம் சட்டமிடப்பட்டு எந்திரத்துக்கு மேலே மாட்டப்பட்டது. அத்தனை பேரும் கண் திறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் வாசலில் நின்று "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினார் என்பது அந்த அம்மையாரின் பாடம். படத்தின் நடுவில், முன்புறத்தில், எல்லாவற்றையும்விடத் துல்லியமாக, குனிந்து கேமராவைப் பிடித்திருந்த ஒருவரின் வழுக்கைப் பின்னந்தலை விழுந்திருந்தது. பிழைதிருத்தி நெடுநேரம் தேடினார். அந்தப் படத்தில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அவர் செய்தித்தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு வரியாவது படிக்கலாம் என்று கதவை நாலு விரற்கடை திறந்துவைத்தார். கூடத்தில் தையல் எந்திரத்தின் ஓட்டம் நின்றது.

"ஏங்க, கதவைச் சாத்திக்குங்க. வெளிச்சம் பட்டுடப்போகுது."