சகாயம்மாளின் நாடித்துடிப்பும் தங்கள் மருத்துவப் பக்கமும்

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம், சேலம் ஜில்லா
16-10-1958

'இல்லச் சுடர்' வாரப் பத்திரிகையின் பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்கு, ரயில்வேயில் கார்டாக இருபத்தெட்டு வருஷம் பச்சைக்கொடி காட்டி, இப்போது பென்ஷனில் இருக்கும் ம. செபஸ்தியான் அநேக ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் சர்வேசுரன் கிருபையால் யாவரும் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் அச்சாபீஸாரும், மருத்துவப் பக்கம் எழுதும் டாக்டர் அவர்களும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். டாக்டருக்கான பிரார்த்தனையை மட்டும் ஒரு மாதமாக நிறுத்தி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முதல் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் நானாக எழுதுவதல்ல. பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பங்குச் சாமியார் எனக்கு விதித்த அபராதம். வழக்கமாக மூன்று அருள்நிறை மந்திரத்தோடு விட்டுவிடுகிறவர், இந்தத் தடவை, "பத்திரிகைக்காரர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னீர் அல்லவா? அவருக்கே எழுதி ஒப்புக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டார். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். பாதி குற்றம் தங்களுடையது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சகாயம்மாள் பிரசவம் பார்க்கிறவள். கன்னியாஸ்திரீகளிடம் கைவேலை கற்றுக்கொண்டாள், எழுத்துதான் ஏறவில்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் தங்கள் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கண்ணாடி போடாவிட்டால் பத்திரிகையின் பெயர்கூட எனக்கு எறும்பு வரிசைதான் என்பதால், முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன், அவள் வெற்றிலையை மடித்துக்கொள்வாள், பிறகு நான் படிப்பேன். அச்சில் வந்தால் அவளுக்கு அது வேதம். செப்டம்பர் முதல் வாரத்தில் தங்கள் டாக்டர் என்ன எழுதினார்? 'படபடப்பு ஒரு மறைமுக எதிரி. ஒவ்வொரு தடவை நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதும் இருதயத்தில் ஒரு கீறல் விழுகிறது' என்று எழுதினார். நானும் மடையன், ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டேன். வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "ஏனுங்க, ஒவ்வொரு பிரசவத்துக்கும் எனக்கு நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுக்குமேங்க. நானூறு பிரசவத்துக்கு மேல பாத்திருக்கறன். அப்ப நானூறு கீறலுங்களா?"

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். நாடி பார்க்கச் சொன்னாள். என் கார்டு வாட்ச்சை எடுத்து எண்ணினேன், எண்பத்து நாலு. "சாஸ்தியாங்க?" என்று கேட்டாள், கேட்டதிலேயே தொண்ணூற்றாறு ஆகிவிட்டது. என் முகம் மாறுவதைப் பார்த்தாள், நூற்று நாலு. சரி, வாட்ச் வேண்டாம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினால், பூட்டுகிற அளவுக்குத் தன் நிலைமை மோசம் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் திடீரென்று நடக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தேன். தபால்காரரிடம் கதவைத் தட்ட வேண்டாம் என்றேன். அவர் சந்தடியில்லாமல் உள்ளே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "அம்மா" என்றார். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மஸ்தான் பீவி, சுவரோரம் கட்டியிருந்த மேச்சேரி ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவள், கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆடு எங்கள் முருங்கைக் கன்றை மொட்டையடித்தது. அதைச் சகாயம்மாளிடம் சொல்லாமல் மறைக்க நான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தியதால் யாரோ செத்துவிட்டார்கள், தன்னிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று அவள் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நாடியை எண்ணாமல் விட்டது அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம் ஐயா. ஆனால் பிரசவம் பார்ப்பதையும் அவள் விட்டுவிட்டாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து நல்லம்மாள் என்கிற நெசவுக்காரப் பெண்ணுக்காக மாட்டுவண்டி வந்தது. வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது. வண்டி மறையும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, கத்தரிக்கோலும் நூலும் வைத்த தன் பெட்டியைப் பரண்மேல் போடச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அதற்குமேல், தலைப்பிரசவத்துக்கு எங்கள் மகள் இன்பமேரி வந்திருந்தாள். அம்மா கை இருக்கிறது என்கிற ஒரே தைரியத்தில் வந்த பெண். "என்ர கை நடுங்கி உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் இருந்து என்ன கண்ணு" என்று இவள் அழுதாள். "நீ இல்லீன்னா எனக்குப் பயமா இருக்குதம்மா" என்று அவள் அழுதாள். நடுவில் நான், பச்சைக்கொடியா சிவப்புக்கொடியா என்று தெரியாமல் நின்றேன்.

போன ஞாயிறு அன்று காலையிலிருந்து என் கண்ணாடியைக் காணோம். பூசையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் காலை வைக்கிறேன், இன்பமேரிக்கு வலி கண்டுவிட்டது. நாளுக்குப் பத்து நாள் முன்னதாக. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஜட்காக்காரர் கண்ணுசாமியிடம் ஓடினால், குதிரை லாடம் அடிக்கப் போயிருந்தது. திரும்பி ஓடிவந்தால் மஸ்தான் பீவி வெந்நீரோடு நின்று, "இனிமே வண்டிக்கெல்லாம் நேரமில்லீங்க" என்றாள். உள்ளே மகள் அம்மாவைக் கூப்பிடுகிறாள். வாசற்படியில் சகாயம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை. "அடிச்சுக்குதுங்க, ரொம்ப அடிச்சுக்குதுங்க. நான் உள்ள போவக் கூடாது" என்கிறாள்.

அப்போதுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். சனிக்கிழமை வந்த இதழ் பிரிக்காமலேயே கிடந்தது. அதை எடுத்து, கைக்கு வந்த பக்கத்தை விரித்து, "சகாயம், இங்கே பார், டாக்டர் திருத்தம் போட்டிருக்கிறார்!" என்று உரக்கப் படித்தேன். கண்ணாடி இல்லாதது ஒரு தடையாகவே இல்லை. படித்தது பத்திரிகையில் இருந்தால்தானே! நான் படித்தது இது: 'போன மாதம் நாம் எழுதியதில் பிசகு நேர்ந்துவிட்டது. புறப்படும் முன் எஞ்சினில் நீராவி ஏறிப் புஸ்புஸ் என்று அடித்துக்கொள்ளும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல, பாரம் இழுக்கத் தயார் என்பதற்கு அடையாளம். வேலைக்குக் கிளம்பும்போது அடித்துக்கொள்ளும் நெஞ்சும் அப்படியே.' என் நெஞ்சும் அந்த நேரம் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பெட்டிய எறக்குங்க" என்றாள். முக்கால் மணி நேரம் உள்ளேயிருந்து அவள் குரல்தான் கேட்டது, பழைய குரல், ஒரு மாதமாக நான் கேட்காத குரல்: "மூச்ச உடு சாமி, அவ்ளோதான், இன்னொருக்கா." அதற்கப்புறம் வேறொரு குரல் கேட்டது. பெண் குழந்தை ஐயா. தாயும் பிள்ளையும் சௌக்கியம். வெளியே வந்த சகாயம்மாள் கையை விரித்துக் காட்டினாள், ஒரு நடுக்கமில்லை. "இன்னும் அடிச்சுக்குதுங்க. ஆனா நல்லா இருக்குதுங்க" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் கண்ணாடி மாதா சுரூபத்தின் பின்னால் கிடைத்தது. ஏழு தடவை தேடிய இடம். போட்டுக்கொண்டு பார்த்தால், நான் டாக்டர் திருத்தமாகப் படித்த பக்கம் கூந்தல் தைல விளம்பரம். எழுத்துத் தெரியாதவளை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு உறுத்திச் சாமியாரிடம் போனேன். இதோ எழுதிவிட்டேன். தங்கள் சமுகத்தில் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மேற்படி நாலு வரியை டாக்டர் பெயரில் அடுத்த இதழில் அச்சிட்டுவிட்டால், நான் சொன்னது பொய் என்பது போய், கொஞ்சம் முந்திக்கொண்ட மெய் என்று ஆகிவிடும். அவளும் ஒருநாளும் தெரிந்துகொள்ள மாட்டாள்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் ஆரோக்கியமும், டாக்டர் அவர்களுக்கு எழுதுமுன் ஒருதரம் யோசிக்கும் வரமும் கிடைக்க மாதாவை மன்றாடும்,

தங்கள் விசுவாசமுள்ள வாசகன்,
ம. செபஸ்தியான்

பின்குறிப்பு: திருத்தம் எதுவும் அச்சிட வேண்டாம். சனிக்கிழமை பழக்கத்தில், இந்தக் கடிதத்தை ஒட்டுமுன் ஒருதரம் உரக்கப் படித்துப் பார்த்தேன். தூளி ஆட்டிக்கொண்டிருந்த சகாயம்மாள் அத்தனையும் கேட்டுவிட்டாள். கோபிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். புது இதழில் இன்னும் என்ன பயம் போட்டிருக்குமோ என்று, நான் படிக்க முடியாதபடி என் கண்ணாடியை அந்த ஞாயிறு காலையிலேயே எடுத்துத் தன் மடியில் முடிந்து வைத்திருந்தாளாம், மறுநாள் அவளேதான் சுரூபத்தின் பின்னால் வைத்தாளாம். அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் உள்ளே போனாயா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணாடி போட்டு நீங்க படிச்சதுதானுங்க என்னைய ஒக்கார வெச்சுது. கண்ணாடியில்லாம நீங்க படிச்சத நம்பித்தான் உள்ள போனனுங்க."