எலும்பு வடிவக் கேக்

குளிர்பெட்டியைத் திறந்த கேக் மாஸ்டர் தட்டுத் தட்டாகத் தேடினார். மூன்று மணிக்கே போயிருக்க வேண்டிய நாய்க் கேக் உள்ளேயே இருந்தது. பல் டாக்டர் வீட்டுப் பிறந்தநாளுக்காகச் செய்த ஒன்றரைக் கிலோ சாக்லேட் கேக்கைக் காணோம்.

"அக்கா! மாடி வீட்டம்மாவுக்கு எந்த டப்பாவை அனுப்பினீங்க?"

"மேல இருந்ததை," என்றாள் கேஷியர், தலையைத் தூக்காமல். "ரெண்டும் ஒரே மாதிரி டப்பாதானே?"

"டப்பா ஒண்ணுதான். ஆனா சாக்லேட் நாய்க்கு விஷம்க்கா!"

அந்த மாடி வீட்டு நாயை மாஸ்டர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஆறு மாதமாக, வாரம் தவறாமல், ஈரலும் கேரட்டும் ஓட்ஸும் சேர்த்து, சர்க்கரையும் உப்பும் ஒரு சிட்டிகைகூடப் படாமல், எலும்பு வடிவத்தில் கேக் செய்து அனுப்பி வருகிறார். "ஒரு துண்டுகூட மிச்சமில்லைங்க" என்று அந்த அம்மா போனில் சொன்னால் போதும், அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது. பெற்ற பிள்ளைகளே அவர் செய்ததைத் தின்ன மூக்கைச் சுளிக்கும் உலகத்தில், குறை சொல்லாமல் தின்ற ஒரே ஜீவன் அது.

அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பார் இல்லை. உடனே நாய் டாக்டருக்குப் போட்டு விஷயத்தைக் கொட்டினார்.

"எடை எவ்வளவு இருக்கும்?"

"ஒன்றரைக் கிலோ, டாக்டர்."

"அவ்வளவு சின்ன நாயா?"

"கேக்கைச் சொன்னேன். நாயை நான் பார்த்ததே இல்லை."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சாக்லேட் மட்டும்தானே?"

"நடுவுல உலர்திராட்சை அள்ளிப் போட்டிருக்கேன்."

"ஐயையோ, அதுவும் ஆகாதே! வேற?"

"மேல மக்கடாமியா கொட்டை. விலை ஜாஸ்தி, டாக்டர்."

"நாய் திங்கக் கூடாததுன்னு பட்டியல் போட்டு வாங்கினீரா? வெங்காயம் ஒண்ணுதான்யா பாக்கி!"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்ளப் போகுமுன், அந்த அம்மாவின் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கும் தன் மனைவியை முடுக்கிவிட்டார். "ஓடிப் போய் எப்படியாவது தடுத்துடு!"

அவர் வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அம்மணிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. உள்ளே தாழிட்டிருந்த கதவைத் தட்டி, "கேக்குல விஷம்! கேக்குல விஷம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. கால் மணி நேரத்தில் கேக் கடை வாசலில் முப்பது பேர், ஆளுக்கொரு பாதி கேக்கோடு, காசைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள்.

கேஷியர் போனில் அலறினாள். "மாஸ்டர், இங்க ஒரே ரகளை! நல்ல வேளை, பல் டாக்டர் வீட்ல மட்டும் சண்டை போடாம கேக்கை வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"எந்தக் கேக்கை?"

"அதான், எலும்பு மாதிரி ஒண்ணு இருந்துச்சே. 'அட, புதுசா இருக்கே'ன்னு சந்தோஷமாத்தான் போனாங்க."

மாஸ்டர் போனைப் பையில் போட்டார். வேலை போனால் போகட்டும், அந்த உயிர் பிழைத்தால் போதும் என்று ஸ்கூட்டரை விரட்டினார். பின்னால் டாக்டர், வயிறு கழுவும் குழாயை மாலையாகப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

மாடி வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. மாஸ்டர் காதை வைத்துக் கேட்டார். உள்ளே சளக் சளக்கென்று நக்கும் சத்தம்.

"வாயில்லா ஜீவனை என் கையாலேயே கொன்னுட்டேனே!" என்று படியிலேயே உட்கார்ந்து அழுதார். மனைவி முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்தாள். டாக்டர் கதவில் தோளை வைத்து ஓர் இடி இடித்தார்.

கதவு திறந்தது. வாட்டசாட்டமான ஒரு மனிதர், மீசையெல்லாம் சாக்லேட் கிரீம் அப்பியிருக்க, காலித் தட்டும் கையுமாக நின்றார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர்; அம்மா வெளியே போன நேரம் பார்த்துக் கதவைத் தாழிட்டுத் தின்றிருக்கிறார்.

"சார், நாய் எங்கே? உசுரோட இருக்கா?"

"இந்த வீட்ல ஏது நாய்?" என்றார் அவர். "உடம்பு இளைக்கணும்னு ஆறு மாசமா அந்த எலும்புக் கேக்கை என் பொண்டாட்டி எனக்குத்தானய்யா போட்டுக்கிட்டிருக்கா!"