கரடிக்காகக் குளிக்காமல் இருந்த கதை

தண்ணீரைக் கண்டால் இறங்கிக் குளித்துவிடுவது காரைக்கால்காரர்களுக்கு ஒரு வியாதி. வாய்க்கால், குளம், பம்புசெட் என்று பேதம் பார்க்க மாட்டோம். குரும்பகரத்தில் பிறந்த எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை.

படிப்பு முடித்த கையோடு, சேலம் பக்கத்து வறண்ட மலைக்காட்டில் விலங்குக் கணக்கெடுப்புக்கு உதவியாளாகப் போனேன். (எங்கள் ஊரில் மலை என்றால் களத்தில் குவித்த நெல்தான்.) ஆய்வாளர் தேன்மொழி மேடம். அந்த மலையில் கரடி இருப்பதைப் படத்தோடு நிரூபித்தால்தான் அவர் ஆய்வைத் தொடர அனுமதி. கையில் இருந்ததோ பதினைந்தே நாள்.

மூன்றாம் நாள் மதியம், கள்ளிக்கும் முள்ளுக்கும் நடுவே, பாறையிடுக்கில் ஒரு சுனை. முழங்கால் அளவு தண்ணீர். அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! பையில் சந்தன சோப்பு வேறு இருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, நுரை பொங்கக் குளித்தேன். பாட்டும் பாடினேன்.

மறுநாள் மேடம் மடிக்கணினியைத் திறந்தார். கரடி தண்ணீர் குடிக்க வரும் என்று அவர் சுனையோரத்தில் மறைத்துக் கட்டியிருந்த கேமராவில், வரிசையாக நான்.

"தம்பி, கரடி மரத்துல முதுகு தேய்க்கும்னு படிச்சிருக்கேன். சோப்புப் போட்டுத் தேய்க்கிறத இப்பத்தான் பாக்கறேன்."

"தண்ணி கெடந்துச்சு மேடம்... அதான்..."

"இந்த மலைக்கே அந்தச் சுனை ஒண்ணுதான் இருக்கு. இந்த வாசனைக்குக் கரடி இனிமே எட்டிப் பாக்குமா?"

அவர் குரல் உடைந்துவிட்டது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் செத்தேன்.

நுரைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக இறைத்துக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற விட்டேன். 'என்னை அனுப்பிடாதீங்க மேடம்' என்று கெஞ்சிக் கூத்தாடினேன். சரி என்றவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: முகாம் முடியும்வரை குளிக்கக் கூடாது.

ஒரு நாளைக்கு மூன்று குளியல் போடுகிறவன், பதினோரு நாள் அப்படியே கிடந்தேன். (என் சட்டை தனியாகவே நிற்கும்.) ஆனாலும் வெயில் தாழ்ந்ததும் மேடம் குனிந்து குனிந்து காட்டிய காலடித் தடங்களும், சூடு ஆறாத பாறையில் உட்கார்ந்து குடித்த கடுங்காப்பியும் இன்றும் நெஞ்சில் நிற்கின்றன. அப்படி ஒரு நாள் மறுபடி கிடைக்காதா என்று ஏங்குகிறேன்.

கடைசி நாள் காலையில் கேமராவைத் திறந்தால், தாய்க்கரடி! முதுகில் குட்டி வேறு! சந்தோஷத்தில் என் தோளைத் தட்ட ஓடிவந்த மேடம், பாதி வழியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஊர் திரும்பியதும் அம்மா வாசலிலேயே மறித்தாள். "அங்கயே நில்லுடா! உள்ள வந்துடாத!" நடந்ததையெல்லாம் கொல்லையில் குளித்துக்கொண்டேதான் சொல்லி முடித்தேன்.

மார்கழிக் குளிரில் என் மகளைக் குளிக்கக் கூப்பிட்டால், போர்வைக்குள்ளிருந்து இப்போதும் ஒரே பதில்தான் வரும்:

"இன்னும் கரடி வரலப்பா!"