ஆயிரம் சுற்று ஓடிய ஜீப்

சுகாதார அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஜீப். அதன் கடமையும் ஒன்றுதான்: செவிலியையும் தடுப்பூசிப் பெட்டியையும் மலைக்குடியிருப்புக்கு ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவருவது. பதினோர் ஆண்டுகளாக அது அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்துவந்ததால், அதில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று புதிதாக வந்த இயக்குநருக்குத் தோன்றியது.

குறை விரைவில் கண்டறியப்பட்டது. சக்கரங்கள் வண்டிக்குள் அடங்கியிருந்தன. பிற அதிகாரிகளின் ஜீப்புகளில் அவை பயில்வானின் தோள்களைப் போல வெளியே துருத்தி நிற்பதை இயக்குநர் கைபேசியில் கண்டிருந்தார். அகலமான டயர்கள் வந்தன. பழையவை ஏலத்தில் போயின. புதியவை உள்பக்கம் ஸ்பிரிங்கில் உரசின. உரசாமலிருக்க, சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் அச்சு முனையான ஹப்புக்கும் நடுவே தடித்த உலோக வளையம் ஒன்றைப் பொருத்திச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஸ்பேசர் என்று பெயர். அது அலுமினியத்திலும் கிடைக்கும், எஃகிலும் கிடைக்கும். ஓர் அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய பேறு வாய்ப்பதரிது.

குழு கூடியது. சக்கரங்கள் கழற்றப்பட்டு ஜீப் செங்கல் அடுக்கின் மேல் ஏறியது.

செவிலி வந்து நின்றார். "சார், பத்து நாள்ல மழை பிடிச்சுக்கும். ஓடை பெருகிட்டா மேலே போகவே முடியாது. நாப்பது பிள்ளைங்களுக்கு ரெண்டாவது ஊசி பாக்கி."

"உங்க பாதுகாப்புக்குத்தானேம்மா இத்தனை பாடு," என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அது வேற பிரிவு."

இயக்குநர் அலுமினியத்தின் பக்கம். அவருடைய வீட்டு இரும்புக் கேட் துருப்பிடித்திருந்தது. கண்காணிப்பாளர் எஃகின் பக்கம். அவருடைய வீட்டு அலுமினியக் குடம் நசுங்கியிருந்தது. இரு சான்றுகளும் பதிவு செய்யப்பட்டன. நான்காம் நாள், நிபுணர் என்ற முறையில் மெக்கானிக் அழைக்கப்பட்டார், நாற்காலி தரப்படவில்லை.

"பழைய அளவு டயரையே வாங்கி மாட்டிடுங்க சார். ஸ்பேசரே வேண்டாம்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா," என்றார் இயக்குநர். "அலுமினியமா, எஃகா?"

"அலுமினியம் லேசு, துருப்பிடிக்காது. எஃகு கனம், அடி தாங்கும். எதுவானாலும் ஹப்புல சரியா உட்காரணும், நட்டை முறையா முறுக்கணும். நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை முறுக்கிட்டா போதும்."

மெக்கானிக் சொன்னவற்றுள் கடைசி வாக்கியம் மட்டும் குழுவின் உள்ளத்தைத் தொட்டது. தீர்மானம் இவ்வாறு நிறைவேறியது: எவர் மனமும் புண்படாவண்ணம் இடப்பக்கம் அலுமினியமும் வலப்பக்கம் எஃகும் பொருத்தப்படும், நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகள் மறுமுறை முறுக்கப்பட்டதற்கான சான்றிதழ் இல்லாமல் ஜீப் வளாகத்தை விட்டு வெளியேறலாகாது.

"வெளியே போகாம எப்படி சார் நூறு கிலோமீட்டர் ஓடும்?" என்று ஓட்டுநர் கேட்டார்.

இயக்குநர் எழுந்து சன்னலருகே போனார். கட்டடத்தைச் சுற்றி ஒரு மண்பாதை இருந்தது. ஒரு சுற்று நூறு மீட்டர். ஆக, ஆயிரம் சுற்று. ஒரே திசையில் சுற்றினால் ஒரு பக்க உலோகத்துக்குப் பாரபட்சம் ஆகும் என்று கண்காணிப்பாளர் சுட்டிக்காட்டவே, ஐந்நூறு வலமாகவும் ஐந்நூறு இடமாகவும் என்று திருத்தப்பட்டது.

ஏழாம் நாள் காலை ஜீப் சுற்றத் தொடங்கியது. அதே காலை செவிலி பெட்டியில் ஐஸை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தார். அவர் போனதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அலுவலக மதில் மேல் இருந்தது.

மதில் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் அலுமினியக் கட்சி, வலப்பக்கம் எஃகுக் கட்சி. தையல்காரர் எஃகு, அவர் மனைவி அலுமினியம், அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முன்பு ஸ்பேசர் என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் அதைப் பற்றி உறவை முறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுண்ணாம்புக்கோடு போட்டோம். அலுவலகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் போட்டோம். ஆனால் ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

ஒன்பதாம் நாள், மழை ஒரு நாள் முந்திவிட்டது. தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாவது சுற்றில் செவிலி சேறும் சகதியுமாக இறங்கி வந்தார். இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தார். மீதிப் பதினேழு பேர் ஓடைக்கு அந்தப் பக்கம், ஓடை கழுத்தளவு.

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"சிஸ்டர், நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த வண்டியில போகப்போறது நீங்கதான். நீங்களே சொல்லுங்க, எது நல்லது?"

செவிலி பெட்டியைக் கீழே வைத்தார். வார் அறுந்த செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினார்.

"ரப்பர்," என்றார்.

அவருடைய கருத்து அன்றே கோப்பில் ஏறியது. ரப்பர் ஸ்பேசர் குறித்து ஆராயத் துணைக்குழு அமைந்தது. இருட்டுவதற்குள் மதில் மேல் மூன்றாவது கட்சியும் இடம் பிடித்துவிட்டது. மேலே இன்னும் பதினேழு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று மெக்கானிக் ஏதோ ஆரம்பித்தார். முதலில் ரப்பரை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று மூன்று கட்சியும் சேர்ந்து அவரை உட்கார வைத்தோம்.