ஆந்தைக்கு வந்த சாபம்

எங்கள் ஊருக்குப் பழைய படம் வாங்கும் பைத்தியம் பிடித்து மூன்று வருடம் ஆகிறது. பறவை, கப்பல், வேரோடு வரைந்த செடி, கடல் பூதம் நீந்துகிற வரைபடம் என்று எதுவாக இருந்தாலும் சரி, தாள் மஞ்சளாக இருக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு பூச்சித்துளை இருந்தால் இன்னும் உசத்தி. நான் பிரேம் கடைக்காரன். இந்தப் பைத்தியத்தின்மேல் எனக்குக் கோபமே கிடையாது. எப்போதோ எவனோ கண் வலிக்கத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதை சோபாவுக்கு மேலே மாட்டி ரசிப்பது நல்ல பழக்கம்தான்.

பிறகு பேராசான் வந்தார். விளம்பரப் பலகையில் முழுப் பட்டம் ‘படமூச்சுப் பேராசான்’. பழைய படங்கள், தாம் தொங்கிய வீடுகளின் மூச்சை இழுத்து வைத்திருக்குமாம். நல்லது நடந்த வீடென்றால் நல்ல மூச்சு. சண்டையும் சாவும் நடந்த வீடென்றால் கெட்ட மூச்சு. அது உங்கள் வீட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்ல வெளியே விடுமாம். சுவரில் ஈரம் ஏறியவர்கள்கூட கொத்தனாரை விட்டுவிட்டுப் பேராசானைத் தேடிப் போனார்கள்.

ஞாயிறு காலை அவருடைய கூடத்துக்கு வெளியே வரிசை தெருமுனை வரை நிற்கும். டோக்கன் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. படத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பல் டாக்டர் நிற்பார், வக்கீல் நிற்பார், வங்கி மேலாளர் நிற்பார், கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிற பேராசிரியையும் நிற்பார். பேராசான் நூலில் கட்டிய செப்புக்குண்டைப் படத்துக்கு மேலே பிடிப்பார். குண்டு வலமாகச் சுற்றினால் நல்ல மூச்சு. இடமாகச் சுற்றினால் தொலைந்தது. நூலைப் பிடித்திருப்பது யார் கை என்று கேட்க அந்தப் பிசிக்ஸ் அம்மாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

கெட்ட மூச்சுப் படத்தை அவரே பிரேமிலிருந்து உருவி எடுத்துக்கொள்வார். அன்றைக்கே எரித்துவிடுவாராம். “பிரேம் பாவம், அது ஒரு தப்பும் பண்ணல, நீங்களே வெச்சுக்குங்க” என்று பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுப்பார். அதில் போட நல்ல மூச்சுப் படமும் அவரிடமே விலைக்குக் கிடைக்கும். இரண்டையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நேராக என் கடைக்கு வந்தார்கள். எனக்கு வேலை இரட்டிப்பானது. வாயை மூடிக்கொண்டு ஆணி அடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என் வாயைத் திறக்க வைத்தது என் அக்கா. அவள் வீட்டில் ஓர் ஆந்தைப் படம் உண்டு. செப்புத் தகட்டில் இறகு இறகாகச் செதுக்கி அச்சிட்ட அசல் சரக்கு. அத்தான் இரவுக் காவலாளியாக இருந்தவர். பழைய பேப்பர் கடையில் அதைக் கண்டெடுத்து, இவன் நம்ம ஷிப்டுக்காரன் என்று வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அக்கா இன்றும் அந்த ஆந்தையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள்.

அக்காவின் மருமகளுக்கு ஏழாம் மாதம். யாரோ சொன்னார்கள் என்று அக்காவையும் ஆந்தையையும் பேராசானிடம் அழைத்துப் போயிருக்கிறாள். குண்டு இடப்பக்கம் சுழன்ற வேகத்தில் நூலே அறுந்துவிடும் போலிருந்ததாம். ஆந்தை இருக்கிற வீட்டில் குழந்தை தங்காது என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு வாரம் தவணை கேட்டாள். பரிகாரமாக ஒரு கப்பல் படத்தை அவள் தலையில் கட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு ஆந்தையோடு வரச் சொல்லி அனுப்பினார்.

கப்பலுக்குப் பிரேம் போட அக்கா என்னிடம் வந்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கலர் பிரிண்டர் தூவிய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. முகர்ந்து பார்த்தேன். இருநூறு வருடக் கப்பல், மஞ்சள் ஏறுவதற்காகப் போன மாதம்தான் டீயில் குளித்திருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. செப்புத் தகட்டில் அச்சான படத்தைச் சுற்றி, தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் ஒன்று தாளில் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். என் கடைக்குக் காலியாகத் திரும்பி வந்த பிரேம்களில் முன்பு இருந்த படங்கள் எல்லாம் நானே பொருத்தியவை. அத்தனையிலும் அந்தப் பள்ளம் உண்டு. காலண்டரிலிருந்து கிழித்து மாட்டிய படம் ஒன்றுகூட இதுவரை கெட்ட மூச்சு விட்டதில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“படத்தைப் பத்தி நீ சொன்னா நம்பறேன் தம்பி. ஆனா நாளைக்குக் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எல்லாரும் என்னைத்தானே பார்ப்பாங்க? உங்க அத்தானே போயிட்டாரு. அவரோட ஆந்தையும் போகட்டும்.”

சொல்லிவிட்டு அழுதாள். ஒன்றே ஒன்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு படத்தையும் பழுப்புத் தாளில் சுற்றி நானே கொண்டுவருகிறேன் என்றேன். ‘படமூச்சு சுவரையும் துளைக்கும்’ என்று அவர் பலகையிலேயே எழுதியிருந்தது. தாளைத் துளைக்காமலா போய்விடும்? அக்கா சம்மதித்தாள்.

ஞாயிறன்று கூடம் நிரம்பி வழிந்தது. அக்காவும் மருமகளும் பக்கத்தில் நிற்க, இரண்டு பொட்டலங்களையும் மேசையில் வைத்தேன். ஒன்று, மூலைக்கு மூலை பூ புடைத்த அகலமான பிரேம். போன வாரம் அவர் பார்த்த ஆந்தையின் பிரேம் அதுதான் என்று தாளுக்கு மேலேயே தெரியும். மற்றது மெல்லியது. எது ஆந்தை என்று குண்டே சொல்லட்டும் என்றேன். பேராசான் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சிரித்தார்.

அகலமான பொட்டலத்துக்கு மேலே குண்டு இடமாகச் சுழன்றது. சாவு வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். மெல்லியதன்மேல் வலமாக, நிதானமாக வட்டமிட்டது.

“ஆஹா, என்ன அமைதி. இதைத் தொட்டில் பக்கத்துலயே மாட்டுங்கம்மா” என்றார்.

தாளைக் கிழித்தேன். அகலமான பிரேமுக்குள் கப்பல் மிதந்தது. மெல்லியதுக்குள்ளிருந்து ஆந்தை கண்ணை உருட்டிக்கொண்டு பார்த்தது. முந்தின நாள்தான் கடையில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். அளவு ஒன்றுதான். பிரேம் கடைக்காரனுக்குப் பத்து நிமிட வேலை.

யாரோ சிரித்தார்கள். பேராசான் அசரவில்லை. இத்தனை வருடத்தில் மூச்சு பிரேமில் ஊறிப்போய்விட்டது, படத்தை மாற்றினாலும் அது பிரேமிலேயே தங்கிவிட்டது என்றார். கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. ஆடிப் பழகிய தலைகள்.

“சரிங்க, மூச்சு பிரேம்லதான் இருக்குதுன்னா, இத்தனை நாளா பிரேமை எங்ககிட்ட குடுத்துட்டுப் படத்தை மட்டும் ஏன் எடுத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

ஆடிய தலைகள் நின்றன. என் வரைபடம் எங்கே என்று முதலில் எழுந்தவர் பிசிக்ஸ் பேராசிரியை. எரிச்சாச்சு என்றார் பேராசான். அதற்குள் பல் டாக்டர் குனிந்து, மேசைக்கடியில் இருந்த தோல்பையின் வாயைத் திறந்துவிட்டார். உள்ளே வரைபடம், செடிகள், கொக்கு, கோட்டை எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு டிஷ்யூ பேப்பர். ஒன்றோடொன்று உரசினால் விலை இறங்கிவிடும் என்கிற சரக்குக்குத்தான் நாங்கள் அதை வைப்போம். பேராசான் பின்கதவைப் பார்த்து நகர்ந்தார். அங்கே வக்கீல் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா எதையும் கவனிக்கவில்லை. ஆந்தையை எடுக்கக் கை நீட்டியவள், மருமகளைப் பார்த்துத் தயங்கினாள். மருமகள் தானே அதை எடுத்து, வயிற்றுக்கு மேலே அணைத்துக்கொண்டாள்.

“தொட்டில் பக்கத்துலயே மாட்டுங்கன்னு அவரே சொல்லிட்டாரே, அத்தை” என்றாள்.

அக்கா சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கடையைத் திறந்ததும் வங்கி மேலாளர் வந்து நின்றார். முந்தின நாள் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, ஆந்தைப் படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். வீட்டில் மாட்டினால் குழந்தைகளுக்கு நல்லதாமே என்றார்.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

“ஆந்தைக்கு ராத்திரியிலயும் கண்ணு தெரியுது சார். நமக்குப் பகல்லயாவது தெரியக் கூடாதா?”